மகளின் வழக்கமான வசிப்பிடம்

என் மகளை நான் கடத்திக்கொண்டு வந்துவிட்டேன் என்று ஊரில் என் முகத்துக்கு நேரே முதலில் சொன்னவள் என் அத்தை. ராசிபுரத்தில் எங்கள் சேலைக்கடைக்குள் ஒரு மத்தியானம், செருப்பைக்கூடக் கழற்றாமல் ஏறி வந்தாள். கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வந்த ஒரு குடும்பம் பாயில் உட்கார்ந்திருந்தது. அவர்களுக்காக விரித்துப் போட்டிருந்த சேலைகளுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

“பெத்த அப்பனுக்குத் தெரியாம புள்ளையக் கடத்திட்டு வந்துட்டு, இங்க உக்காந்து யாவாரம் பார்க்கறயா? நீ பண்ணினது குத்தம்னு அந்த நாட்டுக் கோர்ட்டே சொல்லிருச்சு.”

பட்டு எடுக்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எழுந்தார்கள். அப்பா கல்லாவில் இருந்தார். அத்தை அவருடைய கூடப் பிறந்த ஒரே தங்கை. அவள் மகன்தான் என் கணவன். நான்தான் அவளை வெளியே போகச் சொன்னேன். என்னைத் தூக்கி வளர்த்தவளைப் பார்த்து அப்படிச் சொன்னபோது என் குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. இன்றைக்கும் அதற்காக எனக்கு வருத்தம் கிடையாது.

எங்கள் பக்கம் அத்தை மகனைக் கட்டிக்கொள்வது வழக்கந்தான். இரண்டு வீடும் ஒரே ஊரில், நடந்து போய்வரும் தூரத்தில் இருந்தன. ஜலகண்டாபுரத்திலும் இளம்பிள்ளையிலும் தறிக்காரர்களிடம் சேலை வாங்கி விற்கும் வியாபாரத்தை அப்பாவும் அத்தை வீட்டுக்காரரும் சேர்ந்தே செய்துவந்தார்கள். அவன் நெதர்லாந்தில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். சின்ன வயதிலிருந்து அவனை ‘மச்சான், வாங்க, போங்க’ என்றுதான் கூப்பிட்டுப் பழக்கம். இப்போது அவன், இவன் என்று எழுதுகிறேன். அந்த மரியாதையை அவனே கெடுத்துக்கொண்டான்.

அவன் என்னை அடித்தான் என்று எழுதினால் படிப்பவர்களுக்குச் சுலபமாகப் புரிந்துவிடும். அவன் அடிக்கவில்லை. பின்னால் எனக்கு அதுவே பெரிய சிக்கலாயிற்று. அந்த ஊர் மொழியைக் கற்றுக்கொள்ள வகுப்புக்குப் போகிறேன் என்று கேட்கும்போதெல்லாம் அடுத்த வருசம் பார்க்கலாம் என்றான். அந்த மொழித் தேர்வை எழுதினால்தான் மனைவிக்குத் தனியாக வசிப்புரிமை கிடைக்கும் என்பதை அவன் எனக்குச் சொல்லவே இல்லை. அதுவரை அவன் கையெழுத்துப் போட்டு என்னைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் வரைக்குந்தான் நான் அங்கே இருக்கலாம். அவன் அந்த நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டான். அங்கே பிறந்த எங்கள் மகளும் அந்த நாட்டுக் குடிமகள். ஒரே வீட்டில் நான் மட்டும் வேறு நாட்டுக்காரி.

சாப்பாட்டு மேசையில் அப்பனும் மகளும் டச்சு மொழியில் பேசிச் சிரிப்பார்கள். என்ன என்று கேட்டால், அம்மாவுக்குப் புரியாது விடு என்பான் மகளிடம், தமிழில். ஒரு பனிக்காலத்தில் குப்பையைப் போட வெளியே போன என்னை உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டான். வீட்டுச் செருப்போடு பனியில் நின்று கதவைத் தட்டினேன். கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் காபிக் கோப்பையோடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில் கதவைத் திறந்து, சும்மா விளையாட்டுக்கு என்றான். எதிர்வீட்டுக்காரி தன் சன்னலிலிருந்து பார்த்தாள். பிறகு திரையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மகளுக்கு ஆறு வயதானபோது, பள்ளிக்கூடக் கோடை விடுமுறையில் ஊருக்கு வந்தோம். அப்பாவுக்குக் கண் ஆபரேசன் இருந்தது. அவனே டிக்கெட் எடுத்துக்கொடுத்து அனுப்பிவைத்தான், போகவும் வரவும். வந்த பிறகு ஒருநாள் போனில், திரும்பி வந்ததும் மொழி வகுப்பில் சேரப்போகிறேன் என்றேன். கேட்டு அல்ல, தீர்மானமாகச் சொன்னேன். அப்படியென்றால் நீ வர வேண்டாம் என்றான். என்னைத் தன் பொறுப்பிலிருந்து நீக்கச் சொல்லி அங்கே குடியேற்ற அலுவலகத்தில் எழுதிக்கொடுத்துவிட்டானாம். விடுமுறை முடிந்ததும் மகளை அத்தை கூட்டிக்கொண்டு வருவாளாம். “உன்னோட வசிப்புரிமைக் கார்டு இனிமே செல்லாது. புள்ளைய மட்டும் அனுப்பு” என்றான். வேலைக்காரியை நிறுத்துகிறவன்கூட முகத்தைப் பார்த்துச் சொல்வான்.

திரும்பிப் போகும் நாள் வந்தது. நாங்கள் விமானம் ஏறவில்லை. மகளை ராசிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன்.

அவன் அங்கே வழக்குப் போட்டான். அதை வீடியோவில் விசாரித்தார்கள். எனக்காக ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்தார்கள், யாழ்ப்பாணத்துப் பெண். நான் ‘ஊட்டுக்கு வெளிய உட்டுத் தாழ்ப்பாள் போட்டுட்டாருங்க’ என்றதை அவள் இரண்டு தடவை கேட்டுத்தான் புரிந்துகொண்டாள். நீதிபதி நடுவயதுப் பெண், கடுகடுப்பில்லாத முகம். பனியில் நிறுத்தியதைப் பற்றிப் போலீஸில் சொன்னீர்களா, டாக்டரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். எதிர்வீட்டுக்காரியைப் பற்றிச் சொன்னேன். அவள் பெயர் என்ன என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை.

‘வழக்கமான வசிப்பிடம்’ என்ற சொல்லை அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டேன். குழந்தை எந்த நாட்டில் வழக்கமாக வாழ்ந்துவந்ததோ, அதைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை அந்த நாட்டு நீதிமன்றத்துக்குத்தானாம். பெற்றவர்களில் ஒருவர் மற்றவர் சம்மதமில்லாமல் வேறு நாட்டில் வைத்துக்கொண்டால் அது கடத்தல். என்னை அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள்; ஆனால் என் மகளை நான் அங்கிருந்து கடத்திவிட்டேனாம். என் மகளின் வழக்கமான வசிப்பிடம் என் மடி என்று கத்தினேன். அதை அந்த யாழ்ப்பாணத்துப் பெண் மொழிபெயர்த்தாளா என்று தெரியாது. குழந்தையைத் திருப்பி அனுப்ப வேண்டும், அவனிடமே இருக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. என்மேல் குற்றப் புகாரும் பதிவாயிற்று. அந்த உத்தரவை நம்பித்தான் அத்தை கடைக்குள் செருப்போடு ஏறி வந்தாள்.

பெரியவர்கள் நாலுபேர் சேர்ந்து பேசிப் பார்த்தார்கள். கோயில் மண்டபத்தில் இரண்டு வீட்டாரையும் உட்காரவைத்தார்கள். ஒரே ரத்தம், கோர்ட்டுக்குப் போய்ச் சந்தி சிரிக்க வேண்டாம் என்றார்கள். ஊரில் யார் வீட்டுச் சண்டையையும் இந்த மண்டபத்தில்தான் தீர்க்க வேண்டும் என்று என் கல்யாணத்துக்கு முன்பு வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தவள் அத்தை. அன்றைக்கு அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, “இது நம்ம பேசித் தீர்க்கற விசயமில்லீங்க. ஒலகச் சட்டம். அந்தச் சட்டப்படி இவ குத்தவாளி” என்றாள். பெரியவர்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள். அன்றோடு அப்பா கூட்டு வியாபாரத்திலிருந்து விலகினார். அத்தை வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டு பக்கம் தனியாகக் கடை போட்டார். எங்கள் பழைய வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் அங்கே போய்விட்டார்கள். புருசனை விட்டு வந்தவள் கையால் கல்யாணப் பட்டு வாங்கக்கூடாது என்று அத்தை சொன்னது என் காதுக்கு வராமல் இல்லை.

சேலத்தில் ஒரு பெண் வக்கீலைப் பார்த்தேன். அவரை எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அப்போது ஆறுதல் வேண்டியிருந்தது. அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே சட்டம் மட்டும் பேசினார். இப்படிக் குழந்தைகளைத் திருப்பி அனுப்புவதற்கென்று பல நாடுகள் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கின்றனவாம். யார் நல்லவர், யார் கெட்டவர் என்று பார்க்காமல் முதலில் குழந்தையை அனுப்பிவிட வேண்டும், மற்றதையெல்லாம் அங்கே பேசிக்கொள்ளலாம் என்பதுதான் அதன் சாரம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும் அப்பன்மார்களை மனத்தில் வைத்துச் செய்த சட்டம், இப்போது பெரும்பாலும் வீட்டை விட்டு ஓடிவரும் அம்மாமார்கள்தான் அதில் சிக்குகிறார்கள் என்றார். நம் நாடு அதில் கையெழுத்துப் போடவில்லை. அப்படியென்றால் நான் பயப்பட வேண்டியதில்லையே என்று கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“கையெழுத்துப் போடலைங்கறதுனால ஜெயிச்சுட்டதா நெனச்சுக்காதீங்க. அந்த ஊர் உத்தரவை நம்ம கோர்ட்டு குப்பையில போடாது. அதையும் பார்க்கும், புள்ளைக்கு எது நல்லதுன்னும் பார்க்கும். திருப்பி அனுப்பின வழக்கும் இருக்கு, அனுப்பாத வழக்கும் இருக்கு. நீங்க எந்தப் பக்கம் விழுவீங்கன்னு நான் சொல்ல முடியாது.”

வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அழுதேன். அதுவும் கோபத்தில்தான்.

குழந்தையைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி அவன் இங்கே ஆட்கொணர்வு மனு போடுவதற்கு முன்னால் அத்தை இன்னொரு வழியும் பார்த்தாள். ஒருநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்பே கார் ஒன்று வாசலில் நின்றது. நானும் அப்பாவும் டிவிஎஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது, என் மகளின் கையைப் பிடித்து அத்தை காரின் பின்கதவு வரை கொண்டுபோய்விட்டாள். மகளின் கையில் பிரித்துக்கொடுத்த சாக்லேட் இருந்தது. நான் ஓடிப்போய் மகளின் இன்னொரு கையைப் பிடித்தேன். இரண்டு பேரும் இழுத்தோம். உண்மையாகவே இழுத்தோம்; இரண்டு பெண்கள், நடுவில் ஒரு குழந்தை. அது வலிக்குதுங்க, வலிக்குதுங்க என்று அழுதது. மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் சுற்றி நின்றார்கள். ஒருத்தி போனை எடுத்துப் படம் பிடித்தாள். நான் அத்தையின் மணிக்கட்டைக் கடித்தேன். அவள் கையை விட்டாள்.

கார் நகரப் பார்த்தது. அப்பா வண்டியைக் கீழே போட்டுவிட்டுக் காருக்கு முன்னால் போய் நின்றார். கண் ஆபரேசனுக்குப் போட்ட கறுப்புக் கண்ணாடியை அவர் இன்னும் விடவில்லை. அத்தை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே, நகருங்கண்ணா என்றாள். அப்பா நகரவில்லை.

“எம் பேத்தி மேல இன்னொருக்காக் கை வெச்சயின்னா, தங்கச்சின்னு பார்க்க மாட்டேன். இனிமே என் ஊட்டு வாசப்படி மிதிக்காத” என்றார்.

அப்பா அவளிடம் பேசியது அதுதான் கடைசி. அவள் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு போலீஸ் ஸ்டேசனுக்குப் போனாள். நானும் போனேன். இன்ஸ்பெக்டர் இரண்டு பேருடைய புகாரையும் வாங்கி வைத்துக்கொண்டு, கோர்ட்டு சொல்லும் வரை இரண்டு பேரும் சும்மா இருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

வழக்கு சென்னையில், உயர் நீதிமன்றத்தில், இரண்டு நீதிபதிகள் முன்னால் நடந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினோம். அவனும் விமானத்தில் வந்துவிடுவான். தாழ்வாரத்தில் எங்களுக்கு எதிரில் உட்கார்ந்து மகளைப் பார்த்துக் கையசைப்பான். அவளும் அசைப்பாள். அதைத் தடுக்கவேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. வக்கீல் தடுக்கக்கூடாது என்றார். ஒருமுறை அவன் என் பக்கத்தில் வந்து நின்று, மெதுவாக, பிடிவாதத்தை விட்டால் வருசத்துக்கு ஒருமுறை மகளை அனுப்பிவைக்கிறேன் என்றான். தர்மம் போடுகிறவன் குரல். பனியில் நின்ற கால் எனக்கு இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது என்றேன். அவனுக்கு எது என்று ஞாபகமே வரவில்லை. என்ன பனி என்று கேட்டான்.

அவனுடைய வக்கீல் பெரிய ஆள். குழந்தை பிறந்து வளர்ந்தது அங்கே, அந்த நாட்டுக் குடிமகள், நாடுகள் ஒன்றின் நீதிமன்றத்தை இன்னொன்று மதிக்காவிட்டால் உலகத்தில் யாருடைய பிள்ளைக்கும் பாதுகாப்பில்லை என்றார். லண்டனில் ஒரு நீதிபதி சொன்னதைப் படித்தார். அமெரிக்காவில் ஒருவர் சொன்னதைப் படித்தார். என் வக்கீலும் லண்டனிலிருந்தே வேறு ஒன்றைப் படித்தார். பிறகு நம் நாட்டுத் தீர்ப்புகளையே ஆளுக்கு ஒரு கட்டாக எடுத்துவைத்தார்கள். பார்த்தறியாத ஊர்களில் பார்த்தறியாத பிள்ளைகளுக்குச் சொன்னதையெல்லாம் கொண்டுவந்து என் மகளின் தலையில் அளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சடையைப் பிரித்துப் பிரித்துப் பின்னிக்கொண்டிருந்தாள்.

இரண்டு நீதிபதிகளும் அவளைத் தனியறைக்குக் கூப்பிட்டுப் பேசினார்கள். வெளியே வந்ததும் என்ன கேட்டார்கள் என்றேன். அப்பா ஊருக்குப் போகிறாயா என்று கேட்டார்களாம். அம்மாவையும் உள்ளே விடுவார்களா என்று இவள் திருப்பிக் கேட்டாளாம்.

உத்தரவு வந்தபோது நான் தோற்றுவிட்டதாகத்தான் நினைத்தேன். குழந்தை திரும்பிப் போகவேண்டும் என்று அதில் இருந்தது. ஆனால் அம்மாவோடுதான் போகவேண்டும் என்றும் இருந்தது. எனக்கு அந்த நாட்டில் வசிப்புரிமையை அவன் திரும்ப வாங்கித்தர வேண்டும். தனி வீடு பார்த்துத்தர வேண்டும். என்மேல் உள்ள குற்றப் புகார் நிற்கக்கூடாது. இந்த நிபந்தனைகளையெல்லாம் அந்த நாட்டு நீதிமன்றமும் அச்சு மாறாமல் தன் உத்தரவாகப் போட்டுத்தர வேண்டும். அதுவரை குழந்தை இங்கிருந்து அசையக்கூடாது. அத்தை அன்றைக்குத் தாழ்வாரத்தில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தாள். என் மகளுக்கும் ஒன்றை நீட்டினாள். நான் அதைத் தட்டிவிட்டேன். என் வக்கீல் மட்டும் வழக்குக் கட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். பொறுத்திருங்கள் என்றார்.

அவர் ஏன் பொறுக்கச் சொன்னார் என்பது பிறகு தெரிந்தது. தனி வீட்டுக்கு அவன் ஏற்பாடு செய்தான். அங்குள்ள நீதிமன்றம் மற்ற நிபந்தனைகளைத் தன் உத்தரவில் சேர்த்துக்கொண்டது. புகாரையும் எப்படியோ நிறுத்திவைத்தார்கள். ஆனால் என் வசிப்புரிமை நின்ற இடத்திலேயே நின்றது. அவன் ஒருமுறை என்னை வேண்டாமென்று எழுதிக்கொடுத்தது கொடுத்ததுதான். பிரிந்துவிட்ட மனைவியை மறுபடி மனைவி என்று சொல்லி அழைக்க அந்த நாட்டுக் குடியேற்றச் சட்டத்தில் இடமில்லையாம். சென்னையில் ஒரு நீதிமன்றம் சொன்னதற்காக அவர்கள் தங்கள் சட்டத்தை வளைக்கவும் மாட்டார்களாம். எந்த நாட்டுச் சட்டத்தைக் காட்டி என்னைக் குற்றவாளி என்றானோ, அந்த நாட்டுச் சட்டமே அவனுக்கும் கதவைச் சாத்தியது.

அவன் கால அவகாசம் கேட்டான், பிறகு இன்னும் கேட்டான். கடைசியில் நீதிபதிகளுக்குப் பொறுமை போய்விட்டது. அம்மாவை வரவிடாமல் செய்தது நீங்களே, அம்மா இல்லாமல் குழந்தையை அனுப்ப முடியாது என்று மனுவை முடித்துவைத்தார்கள். குழந்தை யாரிடம் வளர்வது என்பதை நாமக்கல் நீதிமன்றத்தில் பேசிக்கொள்ளச் சொன்னார்கள். அங்கே என்னிடமே விட்டார்கள். அவன் விடுமுறையில் வந்து பார்க்கலாம், வாரத்துக்கு ஒருமுறை போனில் பேசலாம். தீர்ப்பைக் கேட்டு அத்தை, பெஞ்சில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். என் அப்பா அவளைத் தாண்டித்தான் வெளியே வந்தார். நிற்கவில்லை. எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோசத்தை நல்ல சந்தோசம் என்று சொல்லமாட்டேன்.

அந்த ஊர் உத்தரவு இன்னும் ரத்தாகவில்லை. ராசிபுரத்தில் நான் என் மகளின் பாதுகாவலர். விமானம் ஏறி அந்த நாட்டில் இறங்கினால் அவளைக் கடத்தியவள். இரண்டும் சட்டப்படியே. அவளுக்கோ, இங்கே பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதுவதும் பரோட்டாவுக்குச் சண்டை போடுவதும் இங்கத்துப் பிள்ளை மாதிரிதான், ஆனாலும் பேப்பரில் வெளிநாட்டுக்காரி. அவளுடைய பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க அவன் கையெழுத்து வேண்டியிருந்தது. அதற்கு மட்டும் ஒரு வருசம் இழுத்தடித்தான். நீதிபதி அதட்டிய பிறகுதான் போட்டான். விடுமுறையில் வந்து அத்தை வீட்டில் தங்குகிறான். மகளைக் கொண்டுபோய் அந்தத் தெருமுனையில் விட்டுவிட்டு, திரும்பி வரும்வரை எதிரில் உள்ள மருந்துக்கடை வாசலில் நிற்கிறேன். அவன் என்னைப் பார்ப்பதில்லை. நானும் அவன் வருவதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் சிலம்பம் கற்றுக்கொண்டாள். கம்பு அவள் கையில் சுற்றும்போது பக்கத்தில் போக எனக்கே பயம். மாவட்டத்தில் ஜெயித்து, மாநிலத்தில் ஜெயித்தாள். இந்த வருசம் இலங்கையில் ஒரு போட்டிக்குக் கூட்டிப்போவதாக மாஸ்டர் சொல்லியனுப்பினார். வக்கீலுக்குப் போன் செய்தேன். இலங்கையும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கும் நாடு என்றார். எதுவும் ஆகாமல் போகலாம். அங்கே இறங்கியதும் அவன் ஒரு மனுவோடு வந்து நிற்கவும் செய்யலாம், அப்போது சென்னைத் தீர்ப்பு அங்கே எடுபடும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன் என்றார். அதே நாளில் அவனுடைய சம்மதக் கடிதம், கேட்காமலேயே, பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது. போட்டியைப் பார்க்கத் தானும் வருவதாக மகளிடம் போனில் சொன்னானாம். அது போதும் எனக்கு. அனுப்பமாட்டேன் என்றேன்.

அவள் அழவில்லை. கம்பைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, ஏன் என்று கேட்டாள். ஒப்பந்தம், வசிப்பிடம், உத்தரவு என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். உன் அப்பன் உன்னை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்றும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, “அவரு என்னையத் தூக்கிட்டுப் போயிருவாருன்னு நீங்க பயப்படறீங்க. நீங்களும் அப்படித்தானுங்கம்மா தூக்கிட்டு வந்தீங்க?” என்றாள்.

நான் கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. அவள் நகரவும் இல்லை, கண்ணை மூடவும் இல்லை. அப்பா வீட்டை ஒட்டிய கடையிலிருந்து எழுந்து வந்து வாசலில் நின்றார்.

போட்டி நடந்து முடிந்துவிட்டது. அவளுக்குப் பதிலாகப் போன பெண் வெள்ளி வாங்கி வந்தாள். என் மகள் எனக்குத் தேவைக்குத் தகுந்த பதில் சொல்கிறாள், சாப்பிடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். வாராவாரம் அவனோடு போனில் பேசும்போது மட்டும் கதவைச் சாத்திக்கொள்கிறாள். ஆறு வருசமாகத் தொடாத டச்சு மொழியை மறுபடி பேசப் பழகுகிறாள். கதவுக்கு வெளியே அது எனக்குக் கேட்கிறது. ஒரு வார்த்தையும் புரிவதில்லை.